மென்மையான மாட்டிறைச்சி டாக்கோ

மென்மையான மாட்டிறைச்சி டாக்கோ என்பது, வாட்டிய மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் சமைத்த மாட்டிறைச்சியை வைத்து, பாதியாக மடித்துக் கையால் உண்ணப்படும் மெக்சிக்கோ நாட்டு உணவாகும். அந்த ரொட்டிக்கு டொர்ட்டியா என்று பெயர். எண்ணெயில் பொரித்து மொறுமொறுப்பாக்கிய ரொட்டியில் இறைச்சியை நிரப்பித் தரும் வகையிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே 'மென்மையான' என்ற அடைமொழி சேர்க்கப்படுகிறது. இதனை வீட்டில் செய்வது எளிது. நான்கு பேருக்கான டாக்கோவை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கலாம். ஆனால் டாக்கோ மென்மையாக அமைவது இறைச்சியைவிட ரொட்டி மாவையே பொறுத்தது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்தும் பழைய முறை, ரொட்டியின் மென்மைக்கு மட்டுமன்றி, அதனை உண்ட மக்களின் உடல்நலத்துக்கும் அடிப்படையாக இருந்துள்ளது.

பெயரும் வகைகளும்

மெக்சிக்கோவில் 'டாக்கோ' என்று மட்டும் சொன்னாலே மென்மையான ரொட்டியில் தரப்படும் உணவையே அது பெரும்பாலும் குறிக்கும். பொரித்த டாக்கோவை அங்கு 'டாக்கோ டொராடோ' என்பர். ஆடு, பன்றி, கோழி, மீன், அவரை வகைகள், காளான் எனப் பலவற்றைக் கொண்டும் டாக்கோ செய்யப்படுகிறது.

'டாக்கோ' என்ற சொல்லின் தொடக்கம் பற்றிப் பல விளக்கங்கள் உள்ளன. உணவு வரலாற்றாளர் ஜெஃப்ரி பில்ச்சர், 18ஆம் நூற்றாண்டு மெக்சிக்கோவின் வெள்ளிச் சுரங்கங்களோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துகிறார். பாறையைத் தகர்ப்பதற்காக வெடிமருந்தைத் தாளில் சுருட்டிச் செய்த பொதிக்கு அங்கு 'டாக்கோ' என்று பெயர் இருந்தது. சுருட்டிய ரொட்டிக்கும் அப்பெயரே வந்தது என்பது அவர் கருத்து.

வரலாறு

மக்காச்சோளம் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கு மெக்சிக்கோவில் தியோசின்டே என்னும் காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது. டொர்ட்டியாவும் மிகப் பழைய உணவே. ஆனால் மாட்டிறைச்சி அப்படியன்று. ஸ்பானியர் வருவதற்கு முன் அந்நாட்டில் வளர்ப்பு மாடுகள் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பல்களில் மாடுகளைக் கொண்டுவந்தனர். கோதுமையும் அவர்கள் வழியாகவே வந்தது.

வடமெக்சிக்கோவின் வறண்ட புல்வெளிகளில் மாட்டுப் பண்ணைகள் பெருகின. ஆகவே சொனோரா, சிகுவாகுவா, நியூவோ லியோன் ஆகிய மாநிலங்களில் நெருப்பில் சுட்ட மாட்டிறைச்சி டாக்கோ பெயர்பெற்றது. கோதுமை நன்கு விளைந்த பகுதிகளில் கோதுமை டொர்ட்டியாவும் வழக்கத்துக்கு வந்தது. மெக்சிக்கோ நகரில் மாட்டின் அடிவயிற்றுப் பகுதி இறைச்சியை மெதுவாக வேகவைத்துச் செய்யும் 'சுவாதேரோ' டாக்கோ தெருக்கடைகளில் விற்கப்படுகிறது. மாட்டின் நாக்கு, தலைக்கறி ஆகியவற்றிலும் டாக்கோ செய்வர்.

கொத்துக்கறி, துருவிய செடார் பாலாடைக்கட்டி, லெட்யூஸ் கீரை, தக்காளி ஆகியவை சேர்ந்த டாக்கோ, ஐக்கிய அமெரிக்காவில் குடியேறிய மெக்சிக்கோ மக்களிடையே உருவானது. டெக்சாசு, கலிபோர்னியா மாநிலங்களில் மலிவாகக் கிடைத்த பொருட்களைக் கொண்டு அவர்கள் இதனைச் சமைத்தனர். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் 1937இல் தொடங்கப்பட்ட மித்லா கஃபே இத்தகைய டாக்கோக்களுக்குப் பெயர்பெற்ற உணவகமாகும். அதே நகரில் கடை நடத்திய கிளென் பெல் 1962இல் டாக்கோ பெல் நிறுவனத்தைத் தொடங்கினார். முன்கூட்டியே பொரித்து வைக்கும் மொறுமொறுப்பான டாக்கோ, இதுபோன்ற கடைகள் வழியாகவே வெளிநாடுகளில் பரவியது.

ரொட்டி மென்மையாவது எப்படி?

உலர்ந்த மக்காச்சோளத்தை அப்படியே அரைத்து நீர் விட்டுப் பிசைந்தால் அது ஒன்றுசேராது. தட்டினால் ஓரங்கள் வெடிக்கும், மடித்தால் முறியும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைத்தன்மை கொண்ட புரதம் மக்காச்சோளத்தில் இல்லை என்பதே இதற்குக் காரணம்.

இக்குறையை நீக்க மெக்சிக்கோ, குவாத்தமாலா நாடுகளின் பழங்குடி மக்கள் கண்டறிந்த வழியே நிக்ஸ்டமல் முறை. நாவாட்டில் மொழியில் சாம்பலைக் குறிக்கும் சொல்லும், மாவுப் பண்டத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து இப்பெயர் உருவானது. சாம்பல் அல்லது சுண்ணாம்பு கலந்த நீரில் மக்காச்சோளத்தை வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் கழுவி அரைப்பார்கள். இந்த மாவுக்கு 'மாசா' என்று பெயர்.

சுண்ணாம்பு நீரின் காரத்தன்மை பருப்பின் மேல்தோலைப் பிணைத்திருக்கும் நார்ப்பொருளைக் கரைக்கிறது. தோல் தளர்ந்து கழன்றுவிடும். உள்ளே இருக்கும் மாவுச்சத்தின் ஒரு பகுதி நீரை ஏற்றுக் கூழ்போலாகி, மாவை ஒன்றாகப் பிணைக்கிறது. இதனால் மாவைத் தட்டவும், சுட்ட ரொட்டியை மடிக்கவும் முடிகிறது.

சுண்ணாம்பும் பெலாகரா நோயும்

மக்காச்சோளத்தில் நியாசின் என்னும் பி வகை உயிர்ச்சத்து இருந்தாலும், அதன் பெரும்பகுதி உடலால் ஏற்க முடியாத வடிவில் பிணைந்திருக்கிறது. சுண்ணாம்பு நீர் அந்தப் பிணைப்பை விடுவிக்கிறது. கூடவே ரொட்டியில் கால்சியமும் சேர்கிறது.

ஸ்பானியர் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். ஆனால் சுண்ணாம்பில் பக்குவப்படுத்தும் முறை அதனுடன் செல்லவில்லை. மக்காச்சோளத்தையே முதன்மை உணவாக நம்பிய ஏழை உழவர்களிடையே ஒரு நோய் தோன்றியது. தோல் சிவந்து உரிதல், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் உயிரிழப்பும் நேரும். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் 1735ஆம் ஆண்டளவில் காஸ்பர் காசல் என்னும் மருத்துவர் இதனை விவரித்தார். பின்னர் வட இத்தாலியில் இந்நோய் பரவியபோது 'பெலாகரா' என்ற பெயர் நிலைத்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் பெலாகராவால் இறந்தனர். இது தொற்றுநோய் என்றே பலர் எண்ணினர். 1914இல் ஆய்வைத் தொடங்கிய மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், இது உணவுக் குறைபாட்டால் வருவது என்பதைக் காட்டினார். 1937இல் கான்ராட் எல்வெஜெம் என்னும் உயிர்வேதியியலாளர், நியாசினே இதற்குரிய மருந்து என்பதைக் கண்டறிந்தார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பில் பக்குவப்படுத்தி, அவரை வகைகளோடு சேர்த்து உண்ட மெக்சிக்கோ மக்களிடம் இந்நோய் அரிதாகவே இருந்தது.

மாவைத் தேர்ந்தெடுத்தல்

டாக்கோவுக்கு உரியது, பக்குவப்படுத்திய மாசாவை உலர்த்திப் பொடியாக்கிய மாவு. 'மாசா அரினா' என்ற பெயரில் இது பொதிகளில் விற்கப்படுகிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் மக்காச்சோள மாவு பக்குவப்படுத்தப்படாதது. குழம்பைக் கெட்டியாக்கப் பயன்படும் வெண்ணிறச் சோள மாவு வெறும் மாவுச்சத்து மட்டுமே. இவ்விரண்டிலும் டொர்ட்டியா வராது.

மாசா மாவு கிடைக்காவிட்டால் வீட்டிலேயே பக்குவப்படுத்தலாம். 500 கிராம் உலர்ந்த மக்காச்சோளத்துக்கு 5 கிராம் உணவுத் தர நீற்றிய சுண்ணாம்பும் ஒன்றரை லிட்டர் நீரும் போதும். சிறு தீயில் 30 முதல் 45 நிமிடம் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் தோல் போகக் கசக்கி, நான்கைந்து முறை கழுவி, நீர் மிகக் குறைவாகத் தெளித்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். வெற்றிலையோடு சேர்க்கும் சுண்ணாம்பும் வேதியியல்படி இதே கால்சியம் ஐதராக்சைடுதான். எனினும் மணமோ நிறமோ சேர்த்த சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது. நீற்றாத சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டதும் கொதித்துத் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் அதனைத் தொடவே வேண்டாம். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது.

இதுவும் இயலாதபோது வடமெக்சிக்கோ வழக்கப்படி கோதுமை டொர்ட்டியா செய்யலாம். 250 கிராம் மைதாவில் 50 கிராம் வெண்ணெய் அல்லது கொழுப்பு, அரைத் தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 140 மி.லி. வெந்நீர் சேர்த்துப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, சப்பாத்தி போல் மெல்லியதாகத் தேய்த்துச் சுட்டால் 12 ரொட்டிகள் கிடைக்கும்.

தேவையான பொருட்கள் (12 டாக்கோக்கள், நான்கு பேருக்கு)

ரொட்டிக்கு: மாசா மாவு 200 கிராம், வெதுவெதுப்பான நீர் ஏறத்தாழ 300 மி.லி., உப்பு அரைத் தேக்கரண்டி.

கறிக்கு: மாட்டுக் கொத்துக்கறி 500 கிராம், பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், தக்காளி 2, மிளகாய்த்தூள் 1 முதல் 2 தேக்கரண்டி, சீரகத்தூள் 2 தேக்கரண்டி, உலர்ந்த ஓரிகானோ இலை 1 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, எண்ணெய் 1 மேசைக்கரண்டி, நீர் 100 மி.லி.

மேலே தூவ: பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைத் துண்டுகள், காரச் சட்டினி.

கறி செய்யும் முறை

1. அகன்ற வாணலியை நன்கு சூடாக்கி, எண்ணெய் விட்டு, கொத்துக்கறியைப் பரப்ப வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் கிளறாமல் விட்டால் அடிப்பக்கம் பழுப்பாகி மணம் வரும். உடனே கிளறினாலோ மூடி வைத்தாலோ கறி நீர்விட்டு வெந்துபோகும், பழுப்பேறாது.
2. கட்டிகளை உடைத்து, நறுக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் சேர்த்து வதக்க வேண்டும்.
3. தூள்களையும் உப்பையும் சேர்த்து அரை நிமிடம் புரட்டி, தக்காளியையும் நீரையும் சேர்க்க வேண்டும்.
4. சிறு தீயில் 10 முதல் 12 நிமிடம் வேகவைத்து, நீர் பெரும்பாலும் வற்றியதும் இறக்கி, ஓரிகானோவைக் கசக்கித் தூவ வேண்டும். குழம்பு போல் இருந்தால் ரொட்டி நைந்துவிடும். ஈரம் மட்டும் இருந்தால் போதும்.

ரொட்டி செய்யும் முறை

1. மாவில் உப்பைக் கலந்து, நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி 15 நிமிடம் வைக்க வேண்டும்.
2. ஓர் உருண்டையை உருட்டி விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓரம் வெடித்தால் நீர் போதாது. கையில் ஒட்டினால் நீர் மிகுதி.
3. மாவை 12 உருண்டைகளாக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 கிராம் இருக்கும்.
4. இரண்டு நெகிழித் தாள்களுக்கு இடையே உருண்டையை வைத்து, அழுத்தும் கருவியாலோ அடி தட்டையான கனத்த பாத்திரத்தாலோ 14 செ.மீ. அகலத்துக்கு அழுத்த வேண்டும்.
5. எண்ணெய் தடவாத, நன்கு காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் போட்டு 30 நொடியில் திருப்ப வேண்டும். மறுபக்கம் ஒரு நிமிடம் வெந்ததும் மீண்டும் திருப்பினால் ரொட்டி உப்பி எழும்.
6. சுட்ட ரொட்டிகளை உடனே துணியில் அடுக்கி மூடி, 10 நிமிடம் வைக்க வேண்டும். உள்ளே அடைபடும் ஆவியே ரொட்டியை மென்மையாக்குகிறது. இப்படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். பிறகு ரொட்டி முறிகிறது என்று வருந்துகின்றனர்.

பரிமாறுதல்

சூடான ரொட்டியின் நடுவில் இரண்டு மேசைக்கரண்டி கறியை வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து, மடித்து உடனே உண்ண வேண்டும். மெக்சிக்கோ தெருக்கடைகளில் பலவற்றில் இரண்டு ரொட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தருவர். ஒன்று நனைந்து கிழிந்தாலும் மற்றொன்று தாங்கும்.

பாதுகாப்பும் சேமிப்பும்

முழுத்துண்டு இறைச்சியில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருக்கும். கொத்தும்போது அவை உள்ளே எங்கும் கலந்துவிடுகின்றன. ஆகவே கொத்துக்கறியின் உட்பகுதியும் 71 பாகை செல்சியசு வெப்பத்தை எட்ட வேண்டும். 1993இல் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத கொத்துக்கறி உணவால் எசரிக்கியா கோலை கிருமி பரவியது. 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். நிறத்தை மட்டும் பார்த்து வெந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. சில வேளைகளில் முழுதும் வேகுமுன்பே இறைச்சி பழுப்பாகிவிடும். சமையல் வெப்பமானி இருந்தால் நல்லது.

சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கோடை வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. மூன்று நான்கு நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

ஆறிய டொர்ட்டியா விறைப்பாவது இயல்பே. வெந்தபோது இளகிய மாவுச்சத்து, ஆறும்போது மீண்டும் இறுகுவதே காரணம். இருபுறமும் நீர் தெளித்துச் சூடான கல்லில் அரை நிமிடம் வாட்டினால் மென்மை திரும்பும். மேலும் பழையதானால் துண்டுகளாக்கிப் பொரித்துக் கொள்ளலாம். மெக்சிக்கோ வீடுகளில் பழைய டொர்ட்டியாவை வீணாக்குவதில்லை.