பட்டறையும் பிரமாணமும் – 7: மூன்று கம்பெனி, மூன்று புத்தகம்

1924-ஆம் வருஷம் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஷூஹார்ட் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம், பட்டறைக்குள் ஒளிந்திருந்த பிழையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பட்டறைக்காரனுக்கும் அவனிடம் சரக்கு வாங்குகிற பெரிய ஸ்தாபனத்துக்கும் நடுவே விளைகிற சங்கடம் வேறு ஜாதியைச் சேர்ந்தது. அதைத் தீர்க்க வரைபடம் மட்டும் போதவில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் பிரதேசத்தில் மோட்டார் உதிரிபாகம் செய்து பிழைத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். போர்டு கம்பெனிக்கு க்யூ-101 என்றொரு விதிநூல். கிரைஸ்லருக்குத் தனிக் கையேடு. ஜெனரல் மோட்டார்ஸுக்கு அதன் சொந்தத் திட்டம். மூன்று கம்பெனிகளுக்கும் சரக்கு அனுப்புகிறவன், ஒரே சமையலை மூன்று மாமியார்களின் ருசிக்கு ஏற்பச் செய்து காட்டவேண்டிய மருமகளைப் போல, ஒரே தொழிலுக்கு மூன்று விதமான தஸ்தாவேஜுகளைத் தயாரித்து, மூன்று கோஷ்டித் தணிக்கைக்காரர்களுக்கும் விடை சொல்லியாகவேண்டும். 1988-இல் மூன்று கம்பெனிகளின் கொள்முதல் தலைவர்களும் கூடி ஒரு குழுவை நியமித்தார்கள், 1994-இல் க்யூ.எஸ். 9000 பிறந்தது. ஐ.எஸ்.ஓ. 9001 என்ற சர்வதேசப் பிரமாணத்தை அஸ்திவாரமாக வைத்து, மோட்டார்த் தொழிலின் நிபந்தனைகளை அதன்மேல் கட்டினார்கள்.

அந்த நிபந்தனைகளுள் என் அபிப்பிராயத்தில் உயிர்நாடியானது, பி.பி.ஏ.பி. என்று தொழிலில் வழங்கும் முன்சம்மத முறைதான். சரக்கு வந்து இறங்கிய பிறகு நல்லதையும் சொத்தையையும் பொறுக்கிப் பிரிப்பது பழைய வழக்கம். இம்முறையோ, சரக்கு புறப்படுவதற்கு முன்பே அதைச் செய்யும் வழியை நிரூபித்துக் காட்டு என்கிறது. வாங்குபவர் வேறு அளவு சொன்னாலொழிய, குறைந்தது 300 உருப்படிகளை, நாளைக்கு உற்பத்தி நடக்கப்போகிற அதே இயந்திரத்தில், அதே அச்சில், அதே தொழிலாளரைக் கொண்டு, ஒரு மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக ஓட்டி எடுக்கவேண்டும். கைதேர்ந்த மேஸ்திரி தனியே உட்கார்ந்து அரம் போட்டு மினுக்கிய நாலு மாதிரிகளை வெல்வெட்டுப் பெட்டியில் வைத்துக் காட்டி ஆர்டர் வாங்குகிற சாமர்த்தியம் இங்கே பலிக்காது. அளவுகளோடு, அளந்த கருவி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்ற பரீக்ஷையின் முடிவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கருவியாலும் அளக்கும் கையாலும் வருகிற வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் உத்தமம், முப்பதைத் தாண்டினால் அந்தக் கருவி உதவாது.

அட்லாண்டிக்குக்கு அப்பால் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் தத்தமக்கென்று ஒவ்வொரு பிரமாணம் வைத்திருந்தார்கள். அவற்றையும் அமெரிக்க நூலையும் இசைவித்து 1999-இல் ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 16949 வெளிவந்தது. 2006 டிசம்பரோடு க்யூ.எஸ். 9000 காலாவதியாயிற்று.

ஆனால் ஐக்கியத்தை வாசல் வழியே வரவேற்ற வண்டிக் கம்பெனிகள், பிரத்தியேகத் தேவைகள் என்ற பெயரில் கொல்லைக் கதவையும் திறந்தே வைத்தன. பொதுப் பிரமாணத்துக்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் அனுபந்தத்தை வெளியிடுகிறது. சான்றிதழ் கொடுக்க வருகிற தணிக்கைக்காரர் அதையும் கேட்டுப் பார்க்கக் கடமைப்பட்டவர். 2016-இல் வந்த ஐ.ஏ.டி.எஃப். 16949 இன்னும் ஒரு படி மேலே போயிற்று. முந்தைய பதிப்பில் ஐ.எஸ்.ஓ. 9001-இன் வாசகமும் உள்ளடங்கி இருந்தது. புதியதில் அது இல்லையாதலால், இரண்டு நூல்களையும் தனித்தனியே விலைக்கு வாங்கிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்கவேண்டும். சின்னப் பட்டறை முதலாளியின் அலமாரியில் இப்போது அந்த இரண்டோடு, அவர் சரக்கு அனுப்பும் கம்பெனிகள் எத்தனையோ அத்தனை அனுபந்தங்களும் இருக்கின்றன.

(தொடரும்)