குளிக்கிற இடத்துக்கு நாமே தைக்கலாம் ஒரு திரை



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் குழு கூட்டத்தில் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் நாம் தினமும் எங்கே குளிக்கிறோம், எப்படிக் குளிக்கிறோம் என்று பேசியிருக்கிறோமா? "அதையெல்லாம் எப்படிங்க வாய்விட்டுப் பேசறது?" என்று பல அக்காமார்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார்கள். இந்த மாதம் அதைத்தான் பேசப் போகிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டு வளாகத்துக்குள் குளிக்க இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். இந்தியாவின் கிராமப்புற வீடுகளில் பாதிக்கும் மேல் அப்படி ஒரு இடமே இல்லை என்று தெரிந்தது. 2014ல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தில் ஊரகப் பகுதிகளில் தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பல வீடுகளில் கழிப்பறை வந்துவிட்டது. குளிக்கிற இடம் மட்டும் இன்னும் கொல்லைப்புறத்தில் நாலு தட்டியும் ஒரு கல்லுமாகத்தான் இருக்கிறது. வாசலில் கதவு கிடையாது. கிழிந்த சாக்கோ, பழைய பிளக்ஸ் பேனரோ தொங்குகிறது.

இதனால் என்ன ஆகிறது? விடியுமுன்னே எழுந்து இருட்டில் குளிக்கிறோம். இல்லையென்றால் உடுத்திய பாவாடையோடு அவசர அவசரமாக இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். சோப்பு போகவேண்டிய இடத்துக்குப் போவதில்லை. ஈரத்துணி உடம்பிலேயே கிடந்து தொடை இடுக்கில் அரிப்பும் படையும் வருகிறது. மாதவிலக்கு நாட்களில் கேட்கவே வேண்டாம். வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் தாய்க்கு எப்போதும் ஒரு பயம். சுவர் எழுப்பிக் கதவு போடும்வரை, உறுதியான ஒரு துணித்திரை இந்தக் கஷ்டத்தில் பாதியைக் குறைக்கும். அதை நாமே தைத்துவிடலாம்.

துணியை முதலில் சோதியுங்கள்

திரை என்றால் அழகுக்கு இல்லை, மறைப்புக்கு. காய்ந்திருக்கும்போது மறைக்கிற துணி நனைந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நூல்களுக்கு நடுவே காற்று இருக்கும்வரை வெளிச்சம் சிதறிப் போகிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்ததும் வெளிச்சம் நேராக ஊடுருவி வருகிறது. அதே மாதிரி, இரவில் உள்ளே பல்பு எரிந்தால் வெளியே நிற்பவருக்கு நிழல் தெரியும்.

ஆகவே வெட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்து, இரண்டாக மடித்து, இருட்டில் தொங்கவிடுங்கள். ஒருவர் பின்னால் டார்ச் லைட்டை எரியவிட்டு, துணிக்கும் லைட்டுக்கும் நடுவே கையை விரித்துக் காட்டட்டும். நீங்கள் முன்னால் நின்று பாருங்கள். விரலை எண்ண முடிந்தால் அந்தத் துணி வேண்டாம்.

பருத்தி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காய நேரமாகும், கரும்புள்ளி விழும். பாலியஸ்டர் சேலை சீக்கிரம் காயும், சுருங்காது. அடர்ந்த நிறமாக, நிறையப் பூப்போட்டதாக இருந்தால் நல்லது. பூனம் சேலை மாதிரி மெல்லிசானது என்றால் சோதனையில் தேறினால் மட்டும் எடுங்கள்.

தேவையான பொருட்கள்

பழைய பாலியஸ்டர் சேலை 1, பாலியஸ்டர் நூல் (பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்), நாடா 3 மீட்டர், பழைய பிளாஸ்டிக் வளையல் 8, அரை இஞ்ச் பிவிசி பைப் நாலரை அடி, பொடிக் கூழாங்கல் கொஞ்சம். கண்ணாடி வளையல் வேண்டாம், உடைந்து காலில் குத்தும். இரும்பு வளையம் துருப்பிடித்துத் துணியில் கறை ஏற்றும்.

அளவு எடுப்பது

3 அடி வாசலுக்கு இந்தக் கணக்கு. சேலையின் அகலம் சுமார் 44 இஞ்ச். வாசல் 36 இஞ்ச். இரண்டு பக்கமும் 4 இஞ்ச் தாராளமாக மறைக்கும். சேலையின் கரையே ஓரமாக அமைவதால் பக்கம் மடித்து அடிக்கிற வேலை மிச்சம்.

நீளத்துக்கு, தரையிலிருந்து பைப் வரும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அது 78 இஞ்ச் (ஆறரை அடி) என்று வைத்துக்கொள்வோம். மேலே வளையலுக்கு 3 இஞ்ச், கீழே தரைக்கும் துணிக்கும் இடைவெளி 3 இஞ்ச், ஆக 6 இஞ்ச் கழியும். மேல் மடிப்புக்கு இரண்டரை, கீழ் மடிப்புக்கு மூன்றரை, ஆக 6 இஞ்ச் கூடும். கழிவதும் கூடுவதும் சமம். அதனால் பைப் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே நீளத்துக்கு வெட்டினால் போதும். மனசில் வைத்துக்கொள்வது சுலபம்.

இரண்டு துண்டு வேண்டும். 78ம் 78ம் 156. சேலை ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 216 இஞ்ச். மீதி 60 இஞ்ச் மற்ற வேலைக்கு ஆகும். வெட்டுமுன் ஃபால்ஸைப் பிரித்துவிடுங்கள். நைந்துபோன இடம் மீதித் துண்டில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

தைக்கும் முறை

1. இரண்டு துண்டுக்கும் கீழ் ஓரத்தைத் தனித்தனியாக அரை இஞ்ச் மடித்து, பிறகு 3 இஞ்ச் மடித்து ஒரு தையல் போடுங்கள். இரண்டு முனையும் திறந்தே இருக்கட்டும்.

2. துண்டுகளின் உள்பக்கம் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி சேர்த்து வையுங்கள். மேல் ஓரத்தை இரண்டையும் சேர்த்து அரை இஞ்ச், பிறகு 2 இஞ்ச் மடித்து இரண்டு வரிசை தையல் போடுங்கள். பக்கங்களைச் சேர்த்துத் தைக்க வேண்டாம். நடுவில் காற்று புகுந்தால்தான் சீக்கிரம் காயும்.

3. மீதித் துணியில் 3 இஞ்ச் அகலம், 4 இஞ்ச் நீளத்தில் 8 துண்டு வெட்டி, அகலத்தை நாலாக மடித்து அடித்துப் பட்டையாக்குங்கள். ஒவ்வொன்றையும் ஒரு வளையலில் கோர்த்து, இரண்டு நுனியையும் மேல் மடிப்பில் வைத்துப் பெட்டித் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து 1 இஞ்ச் தள்ளி முதல் வளையல், பிறகு 6 இஞ்சுக்கு ஒன்று. 8 வளையல் சரியாக வரும்.

4. மீதித் துணியில் திரையின் அகலத்துக்கு விரல் தடிமனில் நீளமான பை தைத்து, கூழாங்கல் நிரப்பி, வாயை அடைத்துவிடுங்கள். அதை வெளித்துண்டின் கீழ் மடிப்புக்குள் நுழையுங்கள். ஆடிக்காற்றிலும் திரை பறக்காது. துவைக்கும்போது உருவி எடுத்துவிடலாம். மணல் வேண்டாம், ஈரத்தில் ஊறிச் சேறாகும்.

5. இடுப்பு உயரத்திலும் முழங்கால் உயரத்திலும் இரண்டு பக்கமும், இரண்டு துண்டையும் சேர்த்து, நாடா வைத்துத் தையுங்கள். அந்த இடத்துக்கு நேராகத் தட்டியில் கயிறோ சுவரில் ஆணியோ இருக்கட்டும். உள்ளே போனதும் கட்டிவிட்டால் பக்கத்தில் இடுக்கு தெரியாது.

பைப்பை வாசலுக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள். அப்போதுதான் சொட்டுகிற தண்ணீர் உள்ளேயே விழும், வாசலில் சேறாகாது. எல்லாம் முடிந்ததும் இரவில் ஒரு தடவை விளக்கைப் போட்டு, திரையை நனைத்து, வெளியே நின்று பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பு

குளித்து முடித்ததும் திரையைச் சுருட்டி வைக்காமல் விரித்துவிடுங்கள். வாரம் ஒரு முறை சோப்புத்தூளில் துவைத்து வெயிலில் போடுங்கள். தரையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால், அதோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. விஷவாயு வரும்.

தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

பெண் தனிமையில் இருப்பதை, குளிக்கும் இடத்தில் அவள் உடல் தெரிய எட்டிப் பார்ப்பதோ, செல்போனில் படம் எடுப்பதோ குற்றம் என்று 2013ல் சட்டம் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 77வது பிரிவில் இருக்கிறது. முதல் தடவைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. அப்படி நடந்தால் வெட்கப்பட வேண்டியது நாம் இல்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். குழுவிலும் சொல்லுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

ஒவ்வொரு குழுவிலும் தையல் தெரிந்த ஒருவராவது இருப்பார். அடுத்த கூட்டத்தில் யார் யார் வீட்டில் மறைப்பு இல்லை என்று கணக்கெடுங்கள். தனியாக வாழும் அக்கா, வயதுக்கு வந்த பிள்ளை உள்ள வீடு, மாற்றுத்திறனாளி உள்ள வீடு ஆகியோருக்கு முதலில் தைத்துக் கொடுங்கள். தைக்கிறவருக்கு நூல் காசோடு கூலியும் கணக்கில் வரட்டும். "நம்ம அக்காதானே" என்று சும்மா வாங்கிக்கொள்வது சரியில்லை.

திரை தற்காலிகம்தான். கதவோடு குளியலறை கட்டுவதற்கு உள்கடன் கேட்டு யாராவது மனு கொடுத்தால், அது வீண் செலவு என்று தள்ளிவிடாமல் பரிசீலியுங்கள். நல்ல வெளிச்சத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, நிம்மதியாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் குளிப்பது நமக்கும் வேண்டியதுதானே!