மாட்டுக்குப் போட்ட ஊசி

பால்வெட்டுக்கு நடந்து நடந்து முழங்கால் வலி கண்டவர்களே, நீங்கள் பூசிக்கொள்ளும் மருந்துக் குழாயைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். டைக்ளோஃபெனாக் என்ற பெயர் அதில் இருக்கலாம். வலியையும் வீக்கத்தையும் அடக்கும் நல்ல மருந்துதான். ஆனால் இதே மருந்து இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகளை ஏறக்குறைய ஒழித்தே விட்டது!

அங்கே மாடு செத்தால் ஊருக்கு வெளியே போட்டுவிடுவது வழக்கம். கழுகுக் கூட்டம் இறங்கினால் சற்று நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். 1990களில் அந்தக் கழுகுகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி மரத்திலேயே சாகத் தொடங்கின. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் உண்மையை வெளியிட்டார்கள். உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது; சிறுநீரகம் செயலிழந்திருந்தது.

நொண்டும் மாட்டுக்கு இந்த ஊசி போடுவார்கள். விலையும் மலிவு. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்தால் மருந்து இறைச்சியில் தங்கிவிடும். ஒரு மாட்டைப் பல கழுகுகள் தின்னும் அல்லவா? நூறு மாட்டில் ஒன்றில் மருந்து இருந்தாலே இனம் அழியப் போதுமாம். 1992இல் ஆயிரம் வெண்முதுகுக் கழுகுகள் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிஞ்சியது. தின்ன ஆளில்லாத பிணங்களைத் தெருநாய்கள் தின்று பெருகின. வெறிநாய்க்கடிப் பயமும் கூடியது.

2006இல் மாட்டு வைத்தியத்துக்கு இம்மருந்தை இந்தியா தடைசெய்தது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலோக்சிகாம் கைவசம் இருந்தது. ஆனால் மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு! 2015இல் 3 மில்லி புட்டி மட்டுமே என்று சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் சில கழுகுகள் கூடு கட்டுகின்றன.

நம் தோட்டத்து வானத்தில் கழுகு ஏது என்கிறீர்களா? பூசிய மருந்தில் தோலுக்குள் இறங்குவது சிறு பங்குதான். மிச்சம் குளிக்கும் நீரோடு போகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களாலும் அதை முழுக்கப் பிரிக்க முடிவதில்லை. மீனின் செவுளையும் சிறுநீரகத்தையும் அது கெடுப்பதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பூசியபின் கையைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். மிச்ச மாத்திரைகளைக் கக்கூசிலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள். மலேசியாவில் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.