பொன்னில் எழுந்த வாயில்

பட்டுக்கோட்டைப் பகுதியின் பழைய வீடுகளில் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் இடுவர். அதன்மேல் நின்று எதையும் கொடுக்கவோ வாங்கவோ மாட்டார்கள். உள்ளும் அல்லாத, புறமும் அல்லாத அந்த இடத்துக்குக் காட்டும் மதிப்பு, தஞ்சைப் பலகைப் படங்களில் பொன்னும் சுண்ணமுமாய்த் திரண்டு நிற்கிறது.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரத்தில் மனோரா என்னும் கோபுரத்தை 1814–15இல் எழுப்பிய தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) காலத்தில் இக்கலை பெரிதும் செழித்தது. தெய்வங்களைப் போலவே மராட்டிய அரசர்களும் தூண்களுக்கும் வளைவுக்கும் திரைச்சீலைக்கும் நடுவே தீட்டப்பட்டனர். அந்த வளைவைப் பின்புல அணியென்று கடந்துவிடுதல் தகாது. கருவறை வாயிலில் நின்று வணங்குபவரின் கண்ணுக்குப் புலப்படும் காட்சி அது. நிலைப்படியின் இப்புறம் நிற்பவர் நாமே.

இவ்வாயில் தீட்டப்படுவதன்று, கட்டப்படுவது. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் குழைத்த மக்கினால் தூணையும் வளைவையும் அணிகலன்களையும் புடைக்கச் செய்து, மேலே பொன்தகடு பதிப்பர். முகமும் மேனியும் சமதளத்தில் வண்ணமாகவே நிற்கும். இங்கேதான் ஒளியியல் தன் வேலையைத் தொடங்குகிறது. பொன் நீல ஒளியைப் பெரிதும் உறிஞ்சி, மஞ்சளையும் செம்மையையும் திருப்பி அனுப்புகிறது. வழவழப்பான அதன் பரப்பில் பட்ட ஒளி குறித்த திசையிலேயே மீள்கிறது. எனவே நாம் தலையை அசைத்தால் வளைவின் மினுக்கம் இடம் பெயர்கிறது. இரு கண்களுக்கும் அது வெவ்வேறு இடங்களில் தோன்றுகிறது. வண்ணப்பொடியோ ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால், முகம் எங்கிருந்து நோக்கினும் ஏறத்தாழ ஒரே பொலிவோடு விளங்குகிறது. வாயில் அலைய, உள்ளிருப்பவர் நிலைபெறுகிறார்! மேலும், தூணும் திரையும் பின்னுள்ளவற்றை மறைப்பதால், மூளை அங்கே ஓர் ஆழத்தை உணர்கிறது.

பிளெமிய ஓவியர் யான் வான் ஐக் 1432இல் தீட்டிய ஆடவர் உருவப்படத்திலும் ஒரு கல்விளிம்பு நமக்கும் அந்த ஆடவருக்கும் இடையே நிற்கிறது. அக்கல்லின் வெடிப்பும் திண்மையும் நெய்வண்ணத்தின் நுண்ணிய நிழல்களால் விளைந்தவை. தஞ்சைக் கலைஞர் வளைவுக்குத் தீட்டிய நிழலை நாடவில்லை. மெய்யான மேடுபள்ளத்தையே நம்பினார்.

ஆதலால் இப்படங்களுக்கு நேரெதிரே வெண்விளக்கைப் பொருத்துவது பெரும் இழப்பு. புடைப்பின் நிழல்கள் மறைந்து, தூணும் முகமும் ஒரே தளமாகிவிடுகின்றன. விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்தால், வளைவு மீண்டும் முன்னே எழும்.