வரிக்கும் விலைக்கும் அஞ்சிக் கடல் கடந்தவர்கள்

வரி கூடினால், அரிசி விலை ஏறினால், ஏழை என்ன செய்வான்? முதலில் வயிற்றைச் சுருக்குவான். அதுவும் முடியாத கட்டத்தில் மூட்டையைக் கட்டுவான். பணக்காரனும் இதே காரணத்துக்காக நாடு மாறுவதுண்டு. வரி குறைந்த தேசம் எதுவென்று கணக்காளரிடம் கேட்டு, அங்கே தன் கம்பனியைப் பதிந்துகொள்வான். ஆனால் அவன் வழிச்செலவுக்குக் கடன் வாங்குவதில்லை. போகும் இடத்தில் அவனை யாரும் முகாமில் வைப்பதுமில்லை.

மடவளை, வத்துகாமம், பன்வில வட்டாரங்களில் வாழும் எமது வாசகர் குடும்பங்களுள் சிலவற்றில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு முறையாவது இடம்பெயர்ந்திருக்கிறது. பாட்டன் அக்கரையிலிருந்து வந்தார். தகப்பன் வன்னிக்குப் போனார். சித்தப்பா கப்பலேறி இந்தியா போனார். யுத்தத்தாலும் கலவரத்தாலும் நேர்ந்த இடப்பெயர்வைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. வரியும் விலைவாசியும் மக்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தள்ளிய கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இங்கே அதைப் பேசுவோம்.

கண்டி மலைகளில் கோப்பி பயிரிடப்பட்ட காலத்திலிருந்து தொடங்கலாம். அப்போது அக்கரையில் சென்னை மாகாணத்தில் நிலவரி காசாகவே கட்டப்படவேண்டும். விளைச்சல் எப்படியிருந்தாலும் கிஸ்தி நாள் வந்துவிடும். இங்கே வந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சொந்த நிலம் இருக்கவில்லை என்பதும் உண்மையே. வரி கட்டியவன் நிலக்காரன். ஆனால் அவன் கை இறுகியபோது முதலில் காய்ந்தது கூலிக்காரன் வயிறு. அதன் மேல் 1876 இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சமும் வந்தது. புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளின் கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் கடற்கரையை நோக்கி நடந்தனர்.

தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடை. கொலராவும் வயிற்றோட்டமும் அந்தப் பாதையோரத்தில் எத்தனையோ பேரைப் புதைத்தன. 1880 இல் கண்டியிலிருந்து வத்துகாமம் வழியாக மாத்தளைக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, கோப்பியில் இலைநோய் பரவி அந்தத் தொழிலே விழுந்துகொண்டிருந்தது. நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் தேயிலைக்குக் கைமாறினர்.

இனி இந்தக் கதையின் முக்கியமான இடத்துக்கு வருவோம். அக்கரையில் கட்ட முடியாத வரியை விட்டுவிட்டு வந்தவர்கள் இக்கரையில் கால் வைக்கும்போதே கடனாளிகளாக இருந்தனர். கங்காணி ஊரில் கொடுத்த முன்பணம், தோணிக்கூலி, வழிச்சாப்பாடு, ஒரு கம்பளி ஆகிய எல்லாம் பேரேட்டில் ஏறின. தோட்டத்தில் கொடுக்கும் அரிசியும் பற்றில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிந்தது. ஒரு தொழிலாளி தோட்டம் மாற விரும்பினால் துரை ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுக்க வேண்டும். இவருக்கு, அல்லது இந்தக் கூட்டத்துக்கு, இவ்வளவு கடன் உண்டு, அதைத் தீர்ப்பவர் அழைத்துச் செல்லலாம் என்பதே அதன் பொருள். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். அது புதிய பேரேட்டின் முதல் வரியில் மறுபடியும் ஏறும். ஆள் மலை மாறினாலும் கடன் கூடவே மாறியது. துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சம்பளத்துக்கு ஓர் அடிமட்டம் வகுத்த சட்டம் 1927 இல் வந்தது. அதன்படி முதலில் நிர்ணயிக்கப்பட்ட ஆண்களின் நாட்கூலி மேல்நாட்டில் 54 சதம், நடுநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம். வாழ்க்கைச் செலவு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதை அரசாங்கம் இப்படி இரண்டிரண்டு சதமாக அளந்து வைத்தது!

இதே காலத்தில் பக்கத்துச் சிங்களக் கிராமத்தான் எப்படி இருந்தான் என்பதையும் பார்க்க வேண்டும். நாம் ஒருவரையொருவர் அறியாமலே அடுத்தடுத்து வாழ்ந்த காலம் அது. 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று விதித்ததோடு, ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய் அல்லது காசு கட்டு என்றும் சட்டம் போட்டார். மாத்தளையில் கலகம் வெடித்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அதைவிட மெதுவாக, ஆனால் ஆழமாக வெட்டியது நெல்வரி. களத்தில் நெல்லாக அளந்த பங்கு, 1878 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் பின் கண்டி நாட்டில் காசாகக் கேட்கப்பட்டது. கோப்பி விழுந்தபின் கிராமத்தில் காசு ஏது? வரி நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் போயின. நுவரெலியா மாவட்டத்து வலப்பனையில் வயலிழந்த குடும்பங்கள் ஊரை விட்டுப் போனதையும், பட்டினியால் மக்கள் இறந்ததையும் அங்கிருந்த உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியரே அரசாங்கத்துக்கு எழுதினார். எதிர்ப்பு வலுத்து, தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் 1892 இல் நெல்வரி நீக்கப்பட்டது. ஆனால் கடல் கடந்து வந்த அரிசி மீதான சுங்கத் தீர்வை நீங்கவில்லை. அந்த அரிசியைத் தின்றவர் யார்? தோட்டத்து மக்கள்தான். வரிக்குப் பயந்து வந்தவர்கள் இங்கே ஒவ்வொரு கவளத்திலும் வரி கட்டினார்கள், அதற்கு ரசீது மட்டும் கிடையாது.

பின்பு திரும்பிப் போகும் காலம் வந்தது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974 இல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். அரசியல் இப்படிக் கோடு கிழித்தது என்றாலும், பலரைக் கப்பலேறச் செய்ததில் விலைவாசிக்கும் பெரிய பங்குண்டு. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் எண்ணெய் விலையும் தானிய விலையும் உலகெங்கும் ஏறின. இங்கே கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கின. மரவள்ளி நட ஒரு முழம் சொந்த நிலமில்லாத லயத்து மக்கள்தான் அதிகம் செத்தார்கள். 1974 இல் தோட்டப்புற மரண வீதம் கடுமையாக உயர்ந்தது பதிவில் இருக்கிறது. சிலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டப் போனார்கள். சிலர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.

அக்கரையில் என்ன கிடைத்தது? நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றவர்கள் ஓரளவு தப்பினர். தொழில் செய்யக் கடன் பெற்றவர்களில் பலர், அறியாத ஊரில் அறியாத தொழிலில் அதை இழந்தனர். கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையானவர்களும் உண்டு. துண்டு அக்கரைக்கும் போய்விட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தது, ஆனால் அந்தப் பெரும்போகம் அடிபட்டுவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அதாவது ஏறக்குறைய இரட்டிப்பு. 2021 மார்ச்சில் 1000 ரூபாவாக்கப்பட்ட தோட்டத்து நாட்சம்பளம் அப்போதும் 1000 ரூபாதான். கூடவே வற் வரி ஒரே ஆண்டில் 8 இலிருந்து 12 ஆகவும் பின்பு 15 ஆகவும் ஏறி, 2024 ஜனவரியில் 18 சதவீதமாயிற்று. நெல்வரி களத்துமேட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வரி கடைச் சாமானின் விலைக்குள்ளேயே இருக்கிறது. வருமான வரிக் கோவை எதுவுமில்லாத கூலிக்காரரும் மடவளைக் கடைத்தெருவில் பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கினால் அதைக் கட்டியே தீர வேண்டியிருக்கிறது.

2022 மார்ச் 22 ஆம் திகதி, விலைவாசி தாங்காமல் படகேறிய முதல் 16 பேர் இரண்டு பிரிவாக இராமேஸ்வரக் கரையை அடைந்தனர். அவர்களில் ஒரு பிரிவினர் குழந்தைகளோடு தனுஷ்கோடிக்கு அருகே ஒரு மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். அடுத்த ஓராண்டுக்குள் அப்படிப் போனவர் தொகை 200 ஐத் தாண்டியது. மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம் பகுதி மக்களே பெரும்பாலும் போனார்கள். முன்பே இந்தியாவில் அகதிகளாக இருந்துவிட்டு, யுத்தம் முடிந்ததும் திரும்பி வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களைத் தங்க வைத்த மண்டபம் முகாம், ஒரு காலத்தில் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளரை நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைத்துச் சோதித்து அனுப்பிய அதே முகாம்தான்.

அங்கேதான் ஒரு பெரிய வேறுபாடு வெளிப்பட்டது. சோறு கிடைத்தது, கூரை கிடைத்தது. தமிழ்நாட்டு அரசும் மக்களும் இரக்கத்துடன் நடந்துகொண்டனர். ஆனால் யுத்த காலத்தில் வந்தவர்களுக்குக் கிடைத்த முறையான அகதிப் பதிவு இவர்களுக்கு உடனே கிடைக்கவில்லை. குண்டுக்குத் தப்பி வந்தவருக்கு உலகச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு, விலைவாசிக்குத் தப்பி வந்தவருக்கு இல்லை. அகதிகள் பற்றிய 1951 ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கைச்சாத்திடவும் இல்லை.

காணி விடயத்திலும் இதே கதைதான். எமது வாசகர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தனியார் காணியொன்றில் வேறொருவர் தடையின்றிப் பத்து ஆண்டுகள் குடியிருந்தால், 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி அவர் உரிமை கோரலாம். யுத்தத்தால் துரத்தப்பட்டவர்களுக்கு அந்தப் பத்தாண்டுக் கணக்கு அநீதியாக முடிந்தது என்பதை ஏற்று, 2016 இல் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டத்தின் மூலம் அவர்களுக்கு வழி திறந்தது. விலைவாசிக்காகப் படகேறியவருக்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது. அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியென்றால், பயிரிடாமல் விட்டுப் போவதே பத்திரத்தை இழக்கக் காரணமாகலாம்.

ஆகவே போவதா இருப்பதா என்று ஒரு குடும்பம் கூடிப் பேசும்போது, அக்கரை அரிசி விலையை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. படகுக்காரருக்குக் கொடுக்கும் பணம் யாரிடம் வாங்கிய கடன், எந்த நகை அடைவில் இருக்கிறது, அதற்கு மாதம் எவ்வளவு வட்டி என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும். அந்த வட்டி எந்த வற் வரியையும்விடப் பெரிய வரியாக இருக்கலாம். போகத்தான் வேண்டுமென்றால் காணியை யார் பொறுப்பில் விடுகிறோம் என்பதை எழுத்தில் வைத்து, கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்துப் போவது நல்லது. பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணிப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். குடியுரிமை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்திருந்தால், அதற்கான கடிதத்தின் பிரதியும் அவற்றோடு இருக்கட்டும். அக்கரையில் பிள்ளை பிறந்தால் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் அந்தப் பிறப்பைப் பதியத் தாமதிக்க வேண்டாம்.