வால்வுக் கருவியும் மின்தேக்கியும்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டைவிட ‘உம்’ என்ற இரைச்சலே ஓங்கி நிற்பதேன் என்று திருக்கனூரில் ஒரு மாணவர் என்னை வினவினார்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ரெக்டிஃபயர் வால்வு இரு பாதி அலைகளையும் ஒரே திசைப்படுத்துவதால் நொடிக்கு 100 துடிப்புகள் எழுகின்றன. ஏற்றச்சால் விட்டுவிட்டுக் கொட்டும் நீரைத் தொட்டி வாங்கி, வாய்க்காலில் ஒரு சீராக விடுகிறதல்லவா? அதுபோல் மின்தேக்கி இத்துடிப்புகளைச் சமன்செய்கிறது. ஆண்டுகள் பல செல்ல, அதனுள்ளிருக்கும் மின்பகு நீர்மம் உலர்ந்து கொள்ளளவு குறையும், இரைச்சல் தலைதூக்கும்.

ஆகவே புதியது பொருத்த வேண்டும். 16 மைக்ரோஃபாரடுக்குப் பதில் 32 வைத்தால், அத்தேக்கியில் எழும் துடிப்பு ஏறக்குறையப் பாதியாகும். அங்ஙனமாயின் 200 வைக்கலாமே எனில், ஆகாது. ஒவ்வொரு துடிப்பின் உச்சியிலும் பெருமின்னோட்டம் பாய்ந்து ரெக்டிஃபயர் வால்வைக் கெடுக்கும். ஜி.இசட். 34 வால்வை அடுத்த முதல் தேக்கி 60 மைக்ரோஃபாரடைக் கடத்தலாகாது. வோல்ட் தாங்கும் திறனும் பழையதற்குக் குறையலாகாது.

மற்றொன்று: மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் தேக்கியில் 400 வோல்ட் வரை தங்கி நின்று உயிரைக் குடிக்கக்கூடும். தகுந்த மின்தடை வழியே அதனை வடித்து, மீட்டரால் சோதித்து, தேர்ந்தவர் துணையுடன் மட்டுமே கை வைத்தல் வேண்டும்.