இரவில் இரையும் விமானம்

பிரித்தானியாவின் வேல்ஸ் மலைக்கிராமங்களில், நள்ளிரவிலே கூரையை உரசுவதுபோல் விமானமொன்று இரைந்து செல்வதுண்டு. வெளியே ஓடிவருமுன் அது குன்றுக்கப்பால் மறைந்துவிடும். எதிரியின் ராடாருக்கு அகப்படாது தாழப் பறக்கும் படைப்பயிற்சியே அது. கண் உதவாவிடத்து நாம் செவியையே துணைக்கொள்ளல் வேண்டும். ஓசை 'தடதட'வென அடித்தடித்துக் கேட்பின் அது ஹெலிகொப்டர். இடையறாது ஆழ்ந்து இரையின், சுழல்விசிறி பூண்ட போக்குவரத்து விமானம். பிரித்தானிய விமானப்படை 2023ஆம் ஆண்டில் ஹேர்க்குலிஸ் விமானங்களுக்கு ஓய்வளித்தமையால், அவ்விரைச்சல் இன்று பெரும்பாலும் நான்கு எந்திரங்களையுடைய அட்லஸ் விமானத்தினதே. ஆடு குதிரைகள் மிரண்டு ஊறுபடின், உரியவர் பாதுகாப்பு அமைச்சிடம் இழப்பீடு கோரலாம். ஆதலின் அச்சத்தாற் கதை புனையாது, நேரம், இடம், திசை, ஓசை ஆகிய நான்கினையும் அப்பொழுதே குறித்துவைத்தல் நன்றென்போம்.